சாமிக்கே பள்ளியறை உண்டு!

மதுரைக்குத் "தூங்கா நகரம்" என்று பெயர். பெருமையான பெயர்தான். நடுராத்திரியிலும் சூடாக இட்லி கிடைக்கும், டீ கிடைக்கும், ஊருக்குப் போக பஸ்சும் கிடைக்கும். ஆனால் இதே ஊரில் ராத்திரி தவறாமல் தூங்கப் போகிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் சொக்கநாதர்! பள்ளியறைப் பூசை முடிந்ததும் கோவில் நடை சாத்தப்படுகிறது. மத்தியானமும் நடை அடைப்பு உண்டு. அந்த நேரத்தில் வருகிற பக்தர்கள் சாயந்திரம் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஜவுளிக் கடைகளில் நிற்கும் பெண்கள் பலருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கமிருந்து காலையில் பஸ் பிடித்து வருகிறார்கள். கடை திறந்தது முதல் மூடுகிற வரை நின்றபடியே சேலையை விரிக்கிறார்கள், மடிக்கிறார்கள். ஐம்பது சேலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு "அப்புறம் வர்றோம்" என்று வாடிக்கையாளர் கிளம்பினாலும் சிரித்துத்தான் ஆக வேண்டும்.

கால் வலிக்குத் தைலம் தேய்க்கலாம். மனசு அலுத்துப் போனால்? வீட்டில் பிள்ளை மீது எரிந்து விழத் தோன்றுகிறது. படுத்தால் தூக்கம் வருவதில்லை. விடிந்தால் கடைக்குப் போகவே பிடிப்பதில்லை. பில்லில் தப்பு வருகிறது. "என்னடி இப்படிச் சோம்பேறியா ஆயிட்டே?" என்று வீட்டிலும் ஏச்சு, கடையிலும் ஏச்சு. கடைசியில் அவளே தன்னை அப்படிக் கேட்டுக்கொள்ள ஆரம்பிக்கிறாள். அதுதான் கொடுமை.

இது சோம்பேறித்தனம் அல்ல. தீராத வேலை அழுத்தம் மனிதனை இப்படி வற்ற வைக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே 2019-ல் தன் பட்டியலில் சேர்த்தது. நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தால் வரும் விளைவு என்றது. அப்படியானால் குறையைத் தேட வேண்டிய இடம் எது?

சட்டத்துக்குப் பஞ்சமில்லை. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், 4 மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர ஓய்வு என்று 1947-ம் ஆண்டுக் கடைகள் சட்டம் சொல்கிறது. கடை ஊழியருக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று 2021 செப்டம்பரில் சட்டசபையில் திருத்தம் வந்தது. கேரளம் 2018-லேயே முந்திக்கொண்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருப் பெண்கள் போராடி வாங்கிய நாற்காலி அது.

10 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் கடைகளை 24 மணி நேரமும் திறக்கலாம் என்று 2019-ல் அரசு அனுமதித்தது. அதிலும் முறை வைத்து வார லீவு கொடுத்தாக வேண்டும். கடை தூங்க வேண்டாம் என்றார்களே தவிர, ஆள் தூங்க வேண்டாம் என்று சொல்லவில்லை!

"உட்கார்ந்துக்கிட்டு வியாபாரம் பண்ணினா மரியாதையா இருக்காது" என்பது சில முதலாளிகளின் வாதம். பழைய ஜவுளிக் கடைகளை அவர்கள் மறந்து விட்டார்கள் போலும். பாய் விரித்திருக்கும். வாங்க வந்தவரும் உட்கார்ந்தார், எடுத்துக் காட்டியவரும் உட்கார்ந்தார். வியாபாரம் கெட்டா போச்சு?

ஸ்டூல் கிடந்தாலும் உட்காரத் தயங்குகிறவர்கள் உண்டு. "மொதலாளி என்ன நெனைப்பாரோ" என்ற பயம். "ஆள் இல்லாதப்ப உட்காரும்மா" என்று முதலாளி வாயால் ஒரு தடவை சொன்னால் பாதி பாரம் இறங்கிவிடும். செலவில்லாத உதவி.

வீட்டிலும் அப்படித்தான். லீவு நாளில் ஒரு வாரத் துணியும் பாத்திரமும் அவளுக்காகக் காத்திருக்கின்றன. ஒரு மணி நேரம் கண்ணை மூடினால் ஏதோ குற்றம் செய்தது போலக் கூசுகிறாள். கூச வேண்டியது அவள் இல்லை. அந்த ஒரு மணி நேரம் அண்ணன் தம்பியோ புருஷனோ துணி அலசட்டும்.

பல நாளாகத் தூக்கமில்லை, வாழ்க்கையே வெறுத்துப் போகிறது என்றால் மறைக்க வேண்டாம். அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் போன் செய்யலாம், தமிழிலேயே பேசலாம்.

தீபாவளிக் கூட்டம் தொடங்குமுன் தொழிலாளர் துறை அதிகாரிகள் மாசி வீதிகளில் ஒரு நடை நடந்து பார்க்க வேண்டும். காலையில் போனால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். சாயந்திரம் 7 மணிக்குப் போகட்டும். ஸ்டூல் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், அதன் மேல் உட்கார்ந்திருப்பது ஆளா, ஜவுளி பண்டலா என்றும் பார்க்கட்டும்.