மடக்கும் அணியும்

வேப்பம்பட்டு நிலையத்தில் காலைதோறும் மின்சார ரயிலை எதிர்நோக்கி நிற்கும் மாணவர் கூட்டத்தில் யாமும் நிற்பதுண்டு. அண்மையில் எம் அருகு நின்ற கணினி மாணவர் ஒருவர், செய்யுளை நெட்டுருச் செய்வார்போல வாய்க்குள் எதனையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எட்டி நோக்கினோம். ‘சீ’ என்னும் கணினிமொழியின் தொடக்கப் பயிற்சிகள் அவை. பத்தெண்களைக் கூட்டுதல், அவற்றுட் பெரியதனைக் காண்டல், ஏறுவரிசையில் அடுக்குதல் ஆகிய நிரல்களை அரைப்புள்ளியும் விடாது மனனஞ் செய்துகொண்டிருந்தார். பொருள் யாதென வினவினோம். “பொருளைத் தேர்வில் கேட்கமாட்டார்கள், எழுதினாற் போதும்” என்றார்.

அவ்விடை எம்மை வருத்திற்று. தமிழ் பயிலும் நுமக்கு இதில் யாது கவலை என்பாரும் உளர். கவலை உண்டு. அம்மொழியை 1972 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டெனிஸ் ரிச்சி என்பார் ஆக்கினார். அதனைக் கற்பிக்கும் நம் தமிழ்ப் பாடநூல்கள், மீள மீள இயங்கும் கட்டளைத் தொகுதியை மடக்கு என்றும், ஓரின மதிப்புகள் நிரல்பட நிற்கும் அறைகளை அணி என்றும், ஒரு பணிக்கென வகுத்த பகுதியைச் செயற்கூறு என்றும் வழங்குகின்றன. மடக்கும் அணியும் நம் வீட்டுச் சொற்களல்லவோ?

தண்டியலங்காரம் கற்றோர் மடக்கினை அறிவர். முன்வந்த எழுத்துத்தொடரே மீண்டும் வரும். வருந்தோறும் வேறு பொருள் தரும். கணினியின் மடக்கும் அன்னதே. எழுதிய கட்டளை ஒன்றே. அதனுள் நிற்கும் மாறி ஒவ்வொரு சுற்றிலும் வேறு மதிப்புப் பெறுதலின், விளைவு வேறாகின்றது. இதனை உணராது நிரலை ஒப்புவித்தல், பொருளறியாது மடக்கணிச் செய்யுளை ஒப்புவித்தல் போலாம்.

பயிற்சிக்குரிய பொருளும் நம்மிடத்தே நிறைய உளது. ககரம் முதலிய பதினெட்டினை ஓரணியிலும், உயிர்க்குறிகளை மற்றோரணியிலும் இட்டு, மடக்கினுள் மடக்கமைத்தால் 216 உயிர்மெய்களும் திரையில் தோன்றும். அகரத்திற்குத் தனிக்குறி இன்மையின், குறியணியின் முதலறையை வெற்றாக விடவேண்டுமென்பது மாணவனுக்குத் தானே புலனாகும்.

அணியின் முதலறையைச் சீ மொழி ஒன்று என்னாது சுழியம் என்றே எண்ணும். தொடக்கத்தினின்று அவ்வறை எத்துணைத் தொலைவு என்பதே அவ்வெண்ணின் பொருள். திருக்குறளைக் கொண்டு இதன் நயத்தைக் காணலாம். ‘கல்வி’ அதிகாரத்தின் முதற்குறள் 391 ஆவது. சுழியம் முதல் எண்ணின் 390. பத்தால் வகுக்க ஈவு 39, மீதி சுழியம். அம்முறைப்படி 39 என்பது நாற்பதாம் அதிகாரம். சுழியம் என்பது அதன் முதற்குறள். ஒன்று முதல் எண்ணி வகுப்பின், ஒவ்வோரதிகாரத்தின் பத்தாங்குறளும் அடுத்த ஈவிற் போய்விழும்.

இனித் ‘தமிழ்’ என்னும் சொல்லை எழுதி, நீளங் காணும் செயற்கூற்றிடம் கொடுமின். இன்று பெருவழக்காயுள்ள யூடிஎஃப்-8 முறையில் எழுதியிருப்பின், அது 15 என விடையிறுக்கும். எழுத்து மூன்றென்பதைச் சிறுமகவும் அறியும். பிழை யாது? சீ மொழி எண்ணுவது எழுத்தையன்று, பைட்டுகளை. த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள். உயிர்க்குறியும் புள்ளியும் தனியெழுத்தாகா என்னும் விதியைச் சேர்த்து வேறொரு செயற்கூறு எழுதினால் மூன்று என்னும் விடை வரும். அதனை எழுதுதற்கு இலக்கணமும் வேண்டும், நிரலும் வேண்டும்.

நெட்டுருவும் பெரும்பணி ஆற்றியதன்றோ என்று வினவலாம். மெய்யே. ஜான் வாரன் என்பார் 1825 ஆம் ஆண்டிற் சென்னையில் வெளிவந்த ‘காலசங்கலிதம்’ என்னும் தம் நூலில், புதுச்சேரியிலிருந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைக் குறிக்கின்றார். அவர் நிலத்திற் சோழிகளைப் பரப்பி, சொற்களாகப் பொதிந்து நெஞ்சிற் பதித்த வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். வானியற் கொள்கை ஒன்றும் அவர் அறிந்தாரல்லர்; அவர் நினைவாற்றலே அவர்க்குத் துணை. ஒருவாற்றான் அவ்வாய்பாடு ஓரணி. அச்சோழிகளின் நகர்வு ஒரு மடக்கு. அவரை யாம் வணங்குகின்றோம். ஆயின் இக்காலத்தில் அவர் இடத்தைக் கணினி ஏற்றுக்கொண்டது. அது மறவாது, தளராது, சோழி தவறாது. நெட்டுருவில் அதனை வெல்ல முயல்வது வீண். அவ்வாய்பாட்டை முதற்கண் வகுத்த அறிஞன் ஒருவன் இருந்தானன்றோ? அவன் இடமே நமக்கு எஞ்சியுள்ளது.

ஆதலின் ஆசிரியப் பெருமக்களை வேண்டுகின்றோம்: நிரலை எழுதச் சொல்லுமுன், அது மூன்றாஞ் சுற்றில் யாது செய்யுமென வினவுங்கள். தமிழ் மாணவர்க்கும் இப்பயிற்சிகள் சிலவற்றை, தமிழ்ப் பொருள் கொண்டே, அளியுங்கள். உடன்மாணாக்கரே, தாலந்தை மண்ணிற் புதைத்தவன் அதனைக் களவாடவில்லை. அப்படியே திருப்பிக் கொடுத்தான். ஆயினும் கடிந்துரைக்கப்பட்டான். ஏட்டில் உள்ளதை உள்ளவாறே திருப்பிக் கொடுப்போரும் அவனை நினைவிற் கொள்வது நலம்.