கெட்டுவள்ளம் கற்பித்த பாடம்

மட்டாஞ்சேரிச் சந்தைக்குச் சரக்கேற்றி வந்த கெட்டுவள்ளத்தின் பெயரிலேயே அதன் நுட்பம் உள்ளது. மலையாளத்தின் 'கெட்டு' தமிழின் 'கட்டு'. பலகைகளை ஆணியின்றிக் கயிற்றால் தைத்தனர். கயிறு நைந்தால் அவிழ்த்து மறுபடியும் தைத்தனர். பழுதுபார்ப்பதும் படகு கட்டுவதும் அங்கே ஒரே கலை.

இன்றைய கண்ணாடியிழைப் படகு உடைந்தால் கரையில் கிடக்கிறது. அது மக்காது, உருக்கி வார்க்கவும் இயலாது. ஆனால் அதையும் மீட்கலாம். படகை நன்கு உலர்த்தி, விரிசலின் விளிம்பைச் சரிவாகத் தேய்த்து, இழைத்துணியை எபாக்சியில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்ட வேண்டும். பழைய பாலியெஸ்டர்ப் பரப்பைப் புதிய பாலியெஸ்டரைவிட எபாக்சி உறுதியாகப் பற்றும்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கரையிலும் கட்டுமரங்களின் இடத்தை இப்படகுகள் பெருமளவு பிடித்தன. மரத்தைக் கைவிட்டது காலத்தின் தேவை. பழுதுபார்க்கும் மரபையும் உடன் கைவிட்டிருக்க வேண்டியதில்லை. படகு கட்டக் கற்பிக்கும் இடங்கள் அதை மீட்கவும் கற்பிக்கட்டும்.