முற்பணமும் முழு நம்பிக்கையும்



மருதமுனைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் கத்தாரில் தொழில் செய்கிறார். மூத்த மகளுக்கு நிச்சயமாகிவிட்டது. இருக்கும் வீட்டோடு ஓர் அறையும் குசினியும் சேர்த்து எடுத்து, பழைய கூரையையும் மாற்றித் தருவதாக ஒரு மேசன் பன்னிரண்டு இலட்சத்துக்குக் கொந்தராத்துப் பேசினார். வேலை தொடங்க மூன்று இலட்சம் வாங்கினார். ஒரு கிழமை கழித்து, “சீமெந்து விலை ஏறப்போகுது ராத்தா, இப்பவே எடுத்து வைப்பம்” என்று சொல்லி இன்னும் இரண்டரை இலட்சம் வாங்கினார். பழைய குசினியை இடித்தார்கள். அத்திவாரக் கிடங்கு வெட்டினார்கள். ஒரு டிரக்டர் மணல் வந்து இறங்கியது. அதோடு சரி. “உம்மாவுக்குச் சுகமில்லை” என்று நாலு நாள் சொன்னவர், ஐந்தாம் நாள் தொலைபேசியை நிறுத்திவிட்டார்.

தன் ஊர் வெல்லாவெளி என்று அவர் சொல்லியிருந்தாராம். சகோதரி தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு களுவாஞ்சிக்குடிக்குப் போய், பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து வெல்லாவெளி வரை சென்று விசாரித்திருக்கிறார். அந்தப் பெயரில் ஆட்கள் இருந்தார்கள், ஆனால் அவர் இல்லை. ஒரு கடைக்காரர் மட்டும், “இவரத் தேடி வாற நாலாவது ஆள் நீங்க, மகள்” என்றாராம்.

சகோதரி இரண்டு கேள்விகள் கேட்கிறார். பணத்தை மீட்க வழி இருக்கிறதா? அந்த ஆளைப் பற்றி ஊரில் சொன்னால் அது புறம் பேசுவதாகுமா?

முதலில் வெல்லாவெளியைப் பற்றி ஒரு வார்த்தை. கடிதத்தில் அந்த ஊர்மீது கொஞ்சம் கோபம் தெரிகிறது. படுவான்கரையிலிருந்து மேசன்மாரும் ஓடாவிமாரும் வாவியைக் கடந்து வந்து நம் வீடுகளைக் கட்டித் தருவது நம் உம்மா, உம்மும்மா காலத்திலிருந்தே உள்ள வழக்கம். ஏமாற்றியவர் உண்மையில் வெல்லாவெளிக்காரர்தானா என்பதே சந்தேகம். ஓர் ஊரின் பெயரைச் சொல்லி ஒருவர் ஏமாற்றியிருந்தால், அந்த ஊரும் அவரால் பாதிக்கப்பட்டதுதான். இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. “நம்ம ஆள், தொழுகிற ஆள், ஏமாற்ற மாட்டார்” என்று எழுத்தும் வாங்காமல் பணத்தைக் கொடுத்த சகோதரிகள் எத்தனையோ பேர். ஏமாற்றுபவர் எந்தச் சமூகத்திலும் இருப்பார். பேசும்போது அவர் ஸலாம் சொல்வதும் வணக்கம் சொல்வதும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

ஆனாலும் காணாமல் போகும் எல்லா மேசனும் பிறவி மோசடிக்காரர் இல்லை. இந்தத் தொழிலில் ஒரு சங்கிலி இருக்கிறது. முதல் வீட்டுக்கு வாங்கிய முற்பணம் கையாட்களின் கூலியிலும் பழைய கடனிலும் கரைந்துவிடும். அந்த வீட்டை முடிக்க இரண்டாவது வீட்டின் முற்பணம் வேண்டும். இரண்டாவதை முடிக்க மூன்றாவது வீடு வேண்டும். ஓர் இடத்தில் புதிய வேலை கிடைக்காமல் போனால் சங்கிலி அறுந்துவிடும். அன்று யார் கடைசியாகப் பணம் கொடுத்தாரோ அவர் வீட்டில் கிடங்கு மட்டும் மிஞ்சும். 2021 இல் ஆயிரம் ரூபாய் அளவில் விற்ற ஒரு மூடை சீமெந்து 2022 இல் இரண்டாயிரத்தைத் தாண்டிப் போனதே, அப்போது பழைய விலைக்குக் கொந்தராத்து எடுத்த நேர்மையான மேசன்மாரும் தலைமறைவாகத்தான் நேர்ந்தது. இதைச் சொல்வது அவர்களுக்கு வக்காலத்து வாங்குவதற்காக இல்லை. உங்கள் பணம் உங்கள் வீட்டுச் சுவரில் ஏறுவதற்கு முன் வேறொருவர் வீட்டுச் சுவரில் ஏறிவிடக்கூடும் என்பதைப் புரிந்துகொண்டால், முற்பணத்தை ஏன் குறைக்க வேண்டும் என்பது தானாக விளங்கும்.

இதை நம் பகுதி ஒருமுறை நன்றாகவே படித்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, முழுதாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபாவும் பகுதி சேதமான வீட்டுக்கு 100,000 ரூபாவும் அரசாங்கம் கொடுத்தது. மொத்தமாக யாருக்கும் கொடுக்கவில்லை, வேலை முன்னேற முன்னேறத் தவணை தவணையாகத்தான் கொடுத்தார்கள். 2007 இல் போர் காரணமாக இடம்பெயர்ந்து திரும்பிய படுவான்கரை மக்களுக்கு வந்த வீட்டுத் திட்டங்களும் அப்படித்தான் நடந்தன. 2012 ஒக்டோபரில் வடக்கிலும் கிழக்கிலும் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா. வீட்டுக்காரரின் வங்கிக் கணக்குக்கே தவணையாக வந்தது. ஒரு கட்டம் முடிந்ததை அதிகாரிகள் வந்து பார்த்த பிறகுதான் அடுத்த தவணை. அரசாங்கமே ஏழைக் குடும்பத்துக்கு இனாமாகக் கொடுத்த பணத்தை அளந்து அளந்து கொடுத்தபோது, வெளிநாட்டு வெயிலில் உழைத்த பணத்தை நாம் ஏன் ஒரே கையில் அள்ளிக் கொடுக்கிறோம்?

ஏன் என்பதும் தெரிந்ததுதான். நம் கரையோர ஊர்களில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்தே கலியாணம் செய்கிறோம். அந்த வழக்கம் சரியா என்பது பற்றி எனக்குச் சொல்ல நிறைய உண்டு, இன்னொரு மாதம் பார்ப்போம். நிச்சயித்த நாள் நெருங்கும், மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்ப்பார்கள், மாரிமழை தொடங்கிவிடும். இந்த அவசரம் மேசனுக்கும் தெரியும். “இண்டைக்குச் சல்லி தந்தா நாளைக்குப் பிளேட் அடிக்கலாம்” என்ற ஒரு சொல்லில் நாம் விழுந்துவிடுகிறோம்.

இன்னொன்றும் சொல்வார்கள். “கூலியை வியர்வை காயுமுன் கொடுக்கச் சொல்லித்தானே ஹதீஸ் இருக்கு?” ஆம், இப்னு மாஜாவில் பதிவான ஹதீஸ் அது. ஆனால் வியர்வை காயுமுன் என்றால், வியர்வை முதலில் வர வேண்டும் அல்லவா? செய்த வேலைக்குத் தாமதமின்றிக் கொடு என்பதுதான் கட்டளை, செய்யாத வேலைக்கு முன்கூட்டியே கொடு என்பதல்ல. சூரா யூசுபில் மன்னரின் பாத்திரம் காணாமல் போன இடத்தைப் பாருங்கள் (12:72). கொண்டு வருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் என்று அறிவித்தவர், அதற்குத் தானே பொறுப்பு என்றும் சொல்கிறார். காரியம் முடிந்தால் கூலி, அதற்கு ஒருவர் பிணை. நம் குசினிக்கும் இது பொருந்தும்.

எழுதிக்கொள்வதைப் பற்றிய வசனம்தான் அல்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் (2:282). தவணை வைத்துக் கொடுக்கல் வாங்கல் செய்தால் எழுதுங்கள், சாட்சிகளை வையுங்கள், தொகை சிறிதோ பெரிதோ சலிப்படையாதீர்கள் என்பது அதன் கருத்து. “எழுத்துக் கேட்டால் அவர் மனம் நோகும்” என்று கூச்சப்படும் சகோதரிகள் இந்த வசனத்தை முன்வைத்தே கேட்கலாம். கூச்சம் போய்விடும்.

எழுத்தில் என்ன இருக்க வேண்டும்? ஒரு கொப்பித் தாள் போதும். மேசனின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம். அட்டையின் போட்டோப் பிரதி. என்ன வேலை, எத்தனை அடி, எந்த வகைக் கூரை, எத்தனை இலட்சம். சாமானோடு கொந்தராத்தா, கூலி மட்டுமா? முடிந்தவரை கூலிக் கொந்தராத்தாகவே பேசுங்கள். சீமெந்து, கம்பி, ஓடு இவற்றை ஹார்ட்வெயார் கடையில் உங்கள் பெயரில் பில் போட்டு நீங்களே வாங்குங்கள். கொஞ்சம் அலைச்சல்தான், ஆனால் மேசன் போனாலும் சீமெந்து வீட்டில் இருக்கும். பிறகு தவணைகள். கடிதத்தில் சொன்ன பன்னிரண்டு இலட்சம் வேலைக்குச் சாமான்களையும் அவரே போடுவதானால், தொடக்கத்தில் ஓர் இலட்சத்துக்கு மேல் நான் கொடுக்கச் சொல்ல மாட்டேன். அத்திவாரம் எழும்பிய பின் ஒரு தொகை, லின்டல் மட்டம் வந்த பின் ஒரு தொகை, கூரை ஏறிய பின் ஒரு தொகை, பூச்சு முடிந்த பின் ஒரு தொகை. கடைசி ஓர் இலட்சத்தைக் கையில் வைத்திருந்து, ஒரு பெருமழை பெய்து கூரை ஒழுகாததைப் பார்த்த பின் கொடுங்கள். அரசாங்கக் கொந்தராத்துகளிலும் இப்படி ஒரு பங்கைப் பிடித்து வைப்பார்கள், முற்பணம் கொடுத்தால் அதற்கு உத்தரவாதப் பத்திரமும் கேட்பார்கள். பெரிய கொந்தராத்துக்காரர்கள் சம்மதிப்பதை நம் மேசனிடம் கேட்பதில் குற்றமில்லை. சம்மதிக்காதவரை விட்டு வேறு ஆளைத் தேடுவது நல்லது.

கையெழுத்தை உங்கள் பெயரிலேயே போடுங்கள். தம்பி, மச்சான் யாரும் பக்கத்தில் சாட்சியாக நிற்கட்டும், பேச்சையும் அவர்களே பேசட்டும். ஆனால் பணம் உங்களுடையது. கதீஜா நாயகி (ரலி) அவர்கள் தம் சொத்தில் தாமே ஆட்களை வைத்து வியாபாரம் செய்தவர்கள்.

சரி, ஆள் போய்விட்டார். இப்போது என்ன செய்வது?

உடனே வேறு மேசனைக் கூப்பிட்டு வேலையைத் தொடர வேண்டாம். இதுதான் பலர் விடும் பிழை. புதியவர் கொங்கிரீட் போட்ட பிறகு, பழையவர் என்ன செய்தார் என்பதற்குச் சாட்சி மண்ணுக்குள் போய்விடும். கிடங்கு, மணல், இடித்த குசினி எல்லாவற்றையும் படம் எடுங்கள். வேறொரு அனுபவமுள்ள மேசனையோ, தெரிந்த தொழில்நுட்ப உத்தியோகத்தரையோ கொண்டு, நடந்த வேலையின் பெறுமதியை எழுதி வாங்குங்கள். கைபேசியில் உள்ள குரல் செய்திகளை, குறிப்பாக “சல்லி கிடைச்சிது ராத்தா” என்று சொன்னதை, அழிக்காதீர்கள். வங்கி மூலம் கொடுத்திருந்தால் கணக்குக் கூற்றை எடுங்கள்.

கையாட்கள் கூலி கேட்டு உங்கள் வாசலுக்கு வரக்கூடும். அவர்களைத் துரத்த வேண்டாம். அவர்களுக்குக் கொடுக்கும் பொறுப்பு மேசனுடையது, ஆனால் ஏமாந்ததில் அவர்கள் உங்களோடு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அவர் எங்கே போனார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சாட்சிகளும் அவர்கள்தான்.

பள்ளிவாசல் நிர்வாகத்திடம் சொல்லலாம், அந்த ஆள் அந்த ஜமாஅத்தில் உள்ளவர் என்றால் அழைத்துப் பேசுவார்கள். காதியாரிடம் இது போகாது, அவர் விசாரிப்பது விவாகம், விவாகரத்து சம்பந்தமானவை. ஆள் வேறு ஊர், வேறு சமயம் என்றால் அந்த ஊர்க் கிராம உத்தியோகத்தரிடம் விசாரியுங்கள், அதன் பிறகு மத்தியஸ்த சபை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த சபை இது. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. பெண்கள் தாமே போய்ப் பேசலாம். சட்டம் குறித்த தொகைக்கு உட்பட்ட பணப் பிணக்குகள் முதலில் அங்கேதான் போக வேண்டும். எதிராளி வராவிட்டாலும், தீர்வு எட்டாவிட்டாலும், அதைக் குறிப்பிட்டுச் சான்றிதழ் தருவார்கள். அந்தச் சான்றிதழோடுதான் நீதிமன்றத்துக்குப் போக முடியும். வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

பொலிஸில் சொன்னால், “இது சிவில் விசயம்” என்று திருப்பி அனுப்புவது வழக்கம். வேலை தாமதமானது என்று மட்டும் முறையிட்டால் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் பொய் விலாசம் கொடுத்ததும், ஒரே மாதிரி பலரிடம் பணம் எடுத்ததும் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்டும். அது தண்டனைச் சட்டக் கோவையின் கீழ் மோசடிக் குற்றம். ஆகவே சகோதரி, வெல்லாவெளிக் கடைக்காரரிடம் மறுபடி போய், உங்களுக்கு முன் வந்த மூன்று பேர் யார் என்று கேளுங்கள். நாலு பேராகச் சேர்ந்து முறைப்பாடு கொடுத்தால் அதன் கனம் வேறு. முறைப்பாட்டு இலக்கத்தை எழுதி வாங்க மறக்க வேண்டாம்.

இடையில் யாராவது, “மை போட்டுப் பார்த்தால் ஆள் இருக்கும் திசை தெரியும்” என்பார்கள். போனது ஐந்தரை இலட்சம், அதோடு இன்னும் ஐயாயிரம் போகும். ஈமானுக்கும் கேடு.

புறம் பேசுவதாகுமா என்ற கேள்விக்கு இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். புறம் ஆகுமான ஆறு இடங்களில், அநியாயம் செய்யப்பட்டவர் நீதி தரக்கூடியவரிடம் முறையிடுவது ஒன்று. பிறரைத் தீங்கிலிருந்து எச்சரிப்பது இன்னொன்று. உங்கள் ஒழுங்கையில் அடுத்த வீட்டுக்காரி அதே ஆளுக்கு முற்பணம் கொடுக்கப் போகிறாள் என்றால் சொல்வது கடமை. நடந்ததை மட்டும் சொல்லுங்கள். அவர் மனைவி, பிள்ளைகள், குலம் கோத்திரம் எல்லாவற்றையும் இழுத்தால் அது எல்லை தாண்டியதுதான்.

கடைசியாகக் காலக்கெடு. எழுத்து மூலமான உடன்படிக்கை மீது வழக்கிட ஆறு ஆண்டுகள் உண்டு, வாய்ப்பேச்சு மட்டும் என்றால் மூன்றே ஆண்டுகள். கடிதம் எழுதிய சகோதரியிடம் எழுத்து எதுவும் இல்லை. “கணவர் வரட்டும், வந்து பார்ப்பார்” என்று எழுதியிருக்கிறார். அவர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தக் கிழமையே மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பம் எழுதுங்கள்.