நிறம் போனால் நஞ்சு போகுமா?

கொங்கு நாட்டிலே நொய்யல் என்றோர் ஆறு உண்டு. அதன் நீரைத் தேக்கி வயலுக்கு ஊட்டவென 1992இல் ஒரத்துப்பாளையத்தில் அணை எழுந்தது. நடந்தது என்ன? திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு அங்கே தேங்கிற்று. கிணறுகள் கெட்டன, நிலம் உவர்நிலமாயிற்று. உழவர் ஆண்டுக்கணக்கில் வழக்காடினர். கழிவுநீரை ஒரு துளியும் வெளியே விடாத நிலை எய்தும்வரை பட்டறைகளை மூடுமாறு 2011 சனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. நீதி கிடைத்தது. ஆனால் கெட்ட மண் தீர்ப்பினால் திருந்திவிடுமா? வேலையிழந்த தொழிலாளியின் அடுப்புத்தான் எரியுமா?

இன்று விஞ்ஞானம் ஒரு வழி காட்டுகின்றது. தைற்றேனியம் ஈரொட்சைட்டு என்னும் வெண்பொடியின்மேல் ஒளி பட்டால் நீர் பிரிவுறும் என்பதை 1972இல் ஜப்பானிய அறிஞர்களாகிய புஜிஷிமாவும் ஹொண்டாவும் வெளியிட்டனர். அவ்வொளியூக்கி சாயத்தையும் சிதைக்க வல்லது. பொடியை நீரில் தூவினால் மீண்டும் வடித்தெடுப்பது பெரும்பாடு. ஆகவே கண்ணாடியிலோ களிமண்ணிலோ கரியிலோ அதனைப் பதித்துப் பயன்படுத்துகின்றனர். இப்பொருளுக்கு மூலமான இல்மனைற்று மணல் எங்கே உண்டு? நமது புல்மோட்டைக் கரையிலே! அதனையோ மணலாகவே கப்பலேற்றி விற்று வந்திருக்கின்றோம்.

எனினும் மயங்கற்க. இப்பொடி வேண்டுவது ஊதா கடந்த கதிர். வெயிலில் அது நூற்றுக்கு ஐந்து பங்களவே. கடுஞ்சாய நீருள் ஒளி புகாது. யாவற்றினும் மேலாக, ஒளியூக்கி நிறத்தை நீக்கும், உப்பை நீக்காது. நொய்யல் உழவனின் நிலத்தைக் கெடுத்தது பெரிதும் உப்பே. தெளிந்த நீரெல்லாம் தூய நீரன்று.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குழாய்நீர் குடிக்கும் நமக்கு இஃது எவனோ ஒருவனின் கவலையாகத் தோன்றலாம். ஆனால் நம்மில் பலரின் வீட்டுக் கிணறு இன்னும் ஊரிலேதான் உள்ளது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது கீழே இறங்கும். சுன்னாகத்தில் எண்ணெய் கலந்த நிலத்தடி நீருக்காக, 2019இல் நமது உயர் நீதிமன்றம் நட்டஈடு விதித்ததை மறந்தோமா?

ஆலை வேண்டும்; நம் இளைஞருக்குத் தொழில் வேண்டும். அதில் ஐயமில்லை. ஆயின், 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் வழங்குமுன், நிறத்தோடு உப்பையும் அகற்றும் ஏற்பாடு உண்டா என்று கேட்பது நமது உரிமை. கழிவுநீரின் சோதனை முடிவு மாதந்தோறும் பிரதேச சபை வாயிலில் தமிழில் ஒட்டப்படல் வேண்டும். அதனை முதலில் வாசிக்க வேண்டியவன் அதிகாரியல்லன். கிணற்றுக்குச் சொந்தக்காரனான உழவனே.

நட்டஈடு கெட்ட கிணற்றுக்கு விலை. காவலே நல்ல கிணற்றுக்கு வேலி. வேலியை இன்றே இடுவோம்.