சுதேசிப் பாதிரி

பௌத்தர்கள் பெருவாரியாய் வாழும் தேசங்களில், உள்ளூர்க் கிறிஸ்தவர்களையே பொறுக்கியெடுத்துப் போதனை கொடுத்து, ஊர் ஊராய்ச் சபை நாட்ட அனுப்புவது மிஷன்களின் முக்கிய வேலையாயிருக்கிறது. இனி அன்னியர் ஆதிக்கமில்லை, எல்லாம் அந்நாட்டார் கையிலேயே என்பது இதற்குச் சொல்லப்படும் பெருமை. நம் தோழர்களிலும் சிலர், "இது சுயமரியாதைதானே?" என்று கேட்கிறார்கள். பர்மாவின் சரித்திரத்தையே பதிலாகச் சொல்லுவோம்.

அமெரிக்கப் பாதிரியாரான அதோனிராம் ஜட்சன் 1813-ல் ரங்கூனில் வந்திறங்கினார். முதல் பர்மியர் ஒருவர் ஞானஸ்நானம் பெற்றது 1819-ல்தான். ஆனால் 1828-ல் ஞானஸ்நானம் பெற்ற கோ தா பியூ என்னும் கரேன் வகுப்பார், தம் ஜனங்களிடையே பிரசாரத்துக்குப் புறப்பட்டதும் சபைகள் மளமளவென்று பெருகின. அன்னியன் சொல்லி ஏறாதது சொந்தக்காரன் சொன்னால் ஏறும் என்ற இரகசியம் அன்றே விளங்கிவிட்டது. 1845-ல் மௌல்மீனில் கரேன் போதகர்களுக்கென்றே வேதபாடசாலை ஏற்பட்டது. 1966-ல் நே வின் சர்க்கார் வெளிநாட்டுப் பாதிரிகளை வெளியேற்றியும் சபை சாகவில்லை. 2014 ஜனக் கணக்குப்படி நூற்றுக்கு 88 பேர் பௌத்தர். 6 பேர் கிறிஸ்தவர்.

நன்மையை மறைப்பது நமது வழக்கமல்ல. எழுத்தில்லாதிருந்த கரேன் பாஷைக்கு 1830-களில் எழுத்து வகுத்தவர் ஜோனத்தன் வேட் என்ற பாதிரியார்தான். தாழ்ந்து கிடந்த ஜனங்களுக்கு இது பெரிய உபகாரமே. ஆனால், எழுத்தைக் கொடுத்த கை, கேள்வி கேட்கக்கூடாத ஒரு புத்தகத்தையும் ஏன் கூடவே திணிக்க வேண்டும்? போதகனாக வருகிறவனுக்கு எப்படிப் பிரசங்கிப்பதென்று கற்பிக்கிறார்கள். சொல்லுவது மெய்தானா என்று ஆராய்ந்து, பொய்யென்று கண்டால் சபையிலேயே எழுந்து சொல்லவும் கற்பிப்பார்களா? கற்பித்தால் பாடசாலை நிற்குமா? தரகன் மாறினான், சரக்கு மாறவில்லை. இதற்கா சுயமரியாதை என்று பெயர்?

இதன் பலனையும் பாருங்கள். கரேன்களில் பெரும்பாலோர் பௌத்தர். அவர்களது விடுதலைப் படைக்கோ தலைவர்கள் பெரும்பாலும் கிறிஸ்தவர். 1994 டிசம்பரில் பௌத்தச் சிப்பாய்கள் தனிப்படையாய்ப் பிரிந்து, பர்மிய ராணுவத்தோடு சேர்ந்தார்கள். அடுத்த மாதமே விடுதலைப் படையின் தலைமையிடமான மானர்ப்பிளா விழுந்தது. ஒரே இரத்தம், ஒரே எதிரி. குறுக்கே நின்றது மதம்!

பிக்குகள் இதைக் கண்டு சந்தோஷப்பட வேண்டாம். புத்தியைக் கொண்டு ஆராயச் சொன்ன புத்தரின் பேரால், 1961-ல் ஊ நூ சர்க்கார் பௌத்தத்தை அரசாங்க மதமாக்கிற்று. கச்சின் கிறிஸ்தவர்கள் கலகத்தில் இறங்க அதுவும் ஒரு காரணமாயிற்று. 2015-ல் வந்த சட்டமோ, மதம் மாற விரும்புகிறவனைக் கமிட்டி முன் நிறுத்தி விசாரிக்கச் சொல்லுகிறது. மனிதன் எதை நம்புவது, எதை விடுவது என்பதற்குச் சர்க்காரின் உத்தரவு எதற்கு? போலீஸ் காவலில்லாமல் நிற்க முடியாத மதம் விழுந்தால்தான் யாருக்கு என்ன நஷ்டம்?

ஆகவே, பாதிரியைச் சட்டத்தால் தடுக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. எவரும் எங்கும் பேசட்டும். கேட்பவனுக்கும் எதிர்த்துக் கேட்கும் உரிமை இருக்கட்டும். அந்நாட்டு வாலிபர்களுக்குப் பயிற்சி கொடுக்க மெய்யாகவே ஆசையுள்ளவர்கள், வைத்தியத்திலும் விஞ்ஞானத்திலும் கொடுத்துவிட்டு, மோட்சத்துக்கு வழி சொல்லாமல் விலகி நிற்பார்களா? நிற்பார்களானால், அதைச் சுயமரியாதை என்று முதலில் ஒப்புக்கொள்ளுபவர்கள் நாமாகவே இருப்போம்.