நித்தியகல்யாணியும் கஷாயமும்



மூலிகையால் புற்றுநோய் தீருமா என்ற பேச்சில் நித்தியகல்யாணிக்குத்தான் முதலிடம். சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கப்பட்ட செடி அது.  இலை நாக்கில் வைக்க முடியாத கசப்பு. ஆடுகூட வாய் வைக்காது.

பிறந்த மண் மடகாஸ்கர். ஜமைக்காவில் நீரிழிவுக்கு இதன் இலையைக் காய்ச்சிக் குடித்தார்கள். அந்த இலைகள் 1952இல் கனடாவுக்குப் போயின. அங்கே ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் சரிந்தன! தேடியது ஒன்று, கிடைத்தது வேறு. அவரும் சக ஆய்வாளர் சார்லஸ் பீரும் 1958இல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே செடியின் இன்னொரு மருந்தான வின்கிரிஸ்டினுக்கு அமெரிக்கா 1963இல் அனுமதி தந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது தரப்படுகிறது.

ஆனால் 1 கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறத்தாழ 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வீட்டு வாசலில் பறித்த பத்து இலையின் கஷாயத்தில் எவ்வளவு இருக்கும்? அளவே தெரியாத மருந்தும் அதோடு சேர்ந்த நச்சும்தான் உள்ளே போகும். மருத்துவமனையில் வின்கிரிஸ்டினை உடல் அளவுக்குக் கணக்கிட்டு, நரம்பு பாதிக்கிறதா என்று பார்த்துப் பார்த்து, ரத்தக்குழாயில் மட்டுமே ஏற்றுகிறார்கள். தவறி முதுகுத்தண்டில் ஏறினால் உயிரே போகும்.

அத்தனை இலை வேண்டும் என்பதால்தான் ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் மானாவாரியாக இதைப் பயிரிட்டு ஏற்றுமதிக்கு அனுப்பும் விவசாயிகள் உண்டு. மூலிகைக் குறிப்பு வெளியிடும் பத்திரிகைகள் அடுத்த முறை இந்த 500 கிலோ கணக்கையும் பக்கத்தின் ஓரத்தில் போடலாமே.

— வாசகர், தூத்துக்குடி