மருந்தைத் தாங்குவது தெம்பு அல்ல

"உடம்பில் தெம்பு இருந்தால் எந்த மருந்தையும் தாங்கும்." இதைச் சொல்லாத ஊரே இல்லை. காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர் பாதம் எரிகிறது, விரல் மரத்துப்போகிறது என்றால், "பக்கத்து வீட்டுக்காரரும் இதைத்தானே சாப்பிடுகிறார், அவர் வேலைக்குப் போகவில்லையா?" என்று வாயை அடைத்துவிடுகிறோம். இது தவறான நம்பிக்கை மட்டுமல்ல, நோயாளிக்குச் செய்யும் அநியாயம்.

காசநோய்க்குத் தரும் ஐசோநியசிட் மருந்தைக் கல்லீரலில் செயலிழக்க வைப்பது ஒரு நொதி. அந்த நொதி எப்படி அமைய வேண்டும் என்பதை என்ஏடி2 என்ற மரபணு தீர்மானிக்கிறது. தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என வரும் இரண்டு பிரதிகளும் மந்த வகையாக இருந்தால் மருந்து ரத்தத்தில் நெடுநேரம் தங்கும், எரிச்சலும் மரத்துப்போதலும் எளிதில் வரும். வேக வகையினருக்குச் சுமார் 1 மணி நேரத்தில் பாதியாகும் மருந்து, மந்த வகையினருக்குப் பாதியாகச் சுமார் 3 மணி நேரம் ஆகும். இந்தியர்களில் பாதிப் பேருக்கு மேல் மந்த வகையினரே. பயில்வானும் இதற்கு விலக்கல்ல.

மருந்து கேட்காவிட்டால் அடுத்த பழி தயாராக இருக்கிறது: "ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டான்." 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் இந்தப் பழியை எப்போதோ தகர்த்துவிட்டது. வாரம் ஒருமுறை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வில், நோயாளிகள் ஊழியர்களின் கண்ணெதிரேதான் மருந்து எடுத்துக்கொண்டார்கள். அப்படியிருந்தும் வேக வகையினருக்குக் குணம் குறைவாகவே கிடைத்தது. அவர்கள் ஏமாற்றவில்லை, அடுத்த வாரம் வருவதற்கு வெகு முன்பே அவர்கள் உடல் மருந்தைக் கழித்துவிட்டது. தினசரி மருந்தில் இந்த வேறுபாடு பெரிதாகத் தலைகாட்டுவதில்லை.

சாப்பாடு முக்கியமில்லையா என்று கேட்கலாம். முக்கியம்தான், சத்துக்குறைவு உள்ளவர்களுக்கு நரம்பு பாதிப்பு எளிதில் வரும். ஆனால் இந்த மருந்து உடலின் பி6 வைட்டமினைக் குறைப்பதால் வரும் எரிச்சலுக்கு, அந்த வைட்டமின் மாத்திரைதான் மருந்து. விலையும் மலிவு. அதைக் கேட்டு வாங்க வேண்டியவரை "பொறுத்துக்கொள்" என்று வீட்டில் உட்கார வைப்பதற்குப் பெயர் ஆறுதல் அல்ல.

மரத்துப்போதல், கண் மஞ்சளாதல், விடாத வாந்தி என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மாத்திரையை நிறுத்துவதா, மாற்றுவதா என்பதை மருத்துவர் சொல்லட்டும். மருத்துவமனைகளும் நோயாளி தானாகச் சொல்லட்டும் என்று காத்திராமல், வரும்போதெல்லாம் கேட்க வேண்டும். பிறவியிலேயே அமைந்த ஒன்றுக்காக எந்த நோயாளியும் வெட்கப்பட்டு வாய்மூடி இருக்கக் கூடாது.